எழுபத்தொரு சென்டிமீட்டர் கொடுவா

குருமூர்த்தி தன் வாழ்நாளில் எந்தப் பொருளையும் அளவுக்குச் சரியாக வாங்கியது கிடையாது. மகள் பூங்கோதை ஆறாம் வகுப்பில் போட்ட பள்ளிக்கூடப் பாவாடையை எட்டாம் வகுப்பு வரைக்கும் போட்டாள். வீட்டு வாசலுக்குக் கதவு செய்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று தச்சரிடம் அரை அங்குலம் கூட்டிப் போடச் சொன்னார். அந்தக் கதவு இன்றைக்கும் உதைத்தால்தான் சாத்தும். மனைவி வேல்விழி அவரைவிட இரண்டு விரற்கடை உயரம்.

"என்னையும் பெரிய சைஸாப் பாத்துத்தான் கட்டிக்கிட்டாரு. நான்தான் சுருங்காம நின்னுட்டேன்" என்று அவள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

எல்லாம் தொழில் பழக்கம். விருத்தாசலம் செராமிக் பேட்டையில், ஃபியூஸ் கட்டையும் மின்கம்பத்துப் பீங்கானும் செய்கிற ஒரு கம்பெனியில் குருமூர்த்தி அச்சுப் பிரிவு ஃபோர்மேன். மண் பச்சையாக இருக்கும்போது ஓர் அளவு, காய்ந்தால் ஓர் அளவு, சூளைக்குள் போய்விட்டு வந்தால் இன்னோர் அளவு. அவர்கள் கலக்கும் மண் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். அதனால் அச்சுப் பிரிவில் சாதாரண ஸ்கேல் வைத்துக்கொள்வதில்லை. சுருக்க ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஊரில் உள்ள சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் பெரியது. சூளை பார்த்து வந்தபிறகுதான் ஊர் சென்டிமீட்டர் ஆகும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஸ்கேலைப் பிடித்த கை அவருடையது. அவர் போட்ட அச்சில் அளவு பிசகியது என்று ஒரு ஃபியூஸ் கட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. ஊரில் அவருக்கு இருந்த மரியாதை மொத்தமும் இந்தப் பன்னிரண்டில்தான் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் கயாக் என்கிற துடுப்புப் படகில் உட்கார்ந்து மீன் பிடிக்கப் போனதற்குக் காரணம் கியாசுதீன்.

கியாசுதீனும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கியாசுதீன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவில் வருவார். அவர் இல்லாத நாட்களில் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும், சிலிண்டர் வரவில்லை என்றாலும், மகள் மஹிராவின் பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரச்சொன்னாலும் குருமூர்த்திதான் போவார். போனால் கியாசுதீனின் மனைவி சம்சாத் பேகம் டீ கொடுப்பாள். ஹாலில் கண்ணாடி அலமாரிக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து குடிப்பார். அலமாரி முழுக்க மஹிரா வாங்கிய கோப்பைகள். பேச்சுப்போட்டி, கோலப்போட்டி, ஓட்டப்பந்தயம், குர்ஆன் ஓதும் கிராத் போட்டி. கியாசுதீனுடையது என்று அதில் இருந்தது மஸ்கட் கோட்டை பொம்மை ஒன்றுதான். அதுவும் வாங்கி வந்தது மஹிராவுக்கு.

இந்தத் தடவை லீவில் வந்தவருக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைகளில், கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களோடு கயாக்கில் போய் மீன் பிடித்துப் பழகிவிட்டார். புதுச்சேரியில் மூடிவிட்ட ஏதோ ஒரு ரிசார்ட்டில் இருந்து பழைய கயாக் இரண்டை வாங்கி வந்துவிட்டார். ஒன்று இரண்டு பேர் உட்காருவது, இன்னொன்று ஒற்றை ஆளுக்கு. ஒற்றை ஆள் கயாக் தமிழ்ச்செல்வனுக்கு. தமிழ்ச்செல்வன் இன்சூரன்ஸ் ஏஜென்ட், மூன்றாவது சேக்காளி. அவர் பேசுகிற பேச்சுக்கு அதே படகில் இன்னொரு ஆள் உட்கார முடியாது. மேலும், கயாக்கைக் கட்டிக்கொண்டு போகிற ஆம்னி வேன் அவருடையது.

மணிமுத்தாற்றில் கயாக் விட வேண்டுமென்றால் மணலில்தான் விடவேண்டும். அதனால் பயிற்சி வீராணத்தில். சேத்தியாத்தோப்பு திருப்பத்தில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, மேலே கட்டியிருந்த மஞ்சள், சிவப்பு கயாக்குகளை அண்ணாந்து பார்த்தார்.

"என்னாது இது?"

"படகுங்க சார்" என்றார் தமிழ்ச்செல்வன்.

"எங்கிருந்து வரீங்க?"

"விருத்தாசலங்க."

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்க எதுக்குய்யா படகு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிவிட்டார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. ஒரு நாள் ஏரிக்கரையில் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தபடி கியாசுதீன் விஷயத்தைச் சொன்னார். புதுச்சேரிக் கிளப் ஒன்று கிள்ளைக்குப் பக்கத்துக் கழிமுகத்தில் கயாக் மீன்பிடிப் போட்டி நடத்துகிறது. சனி, ஞாயிறு. இரண்டு நாளில் பிடிக்கிறதிலேயே நீளமான ஒரே மீனுக்கு ஒரே கோப்பை. அதற்கடுத்த வியாழக்கிழமை கியாசுதீனுக்கு ஃப்ளைட்.

"அந்த அலமாரில ஒண்ணாச்சும் என்னுதா நிக்கணும்டா மூர்த்தி. ஊருக்கு வந்தா விருந்தாளி மாதிரி அது எதுக்க ஒக்காந்துட்டுப் போயிடறேன்."

"மேல் தட்டுல வலது பக்கம், கோட்டையை எறக்கிட்டா எடமிருக்குது" என்றார் குருமூர்த்தி. அலமாரியைக் கியாசுதீனைவிட அவர்தான் அதிகம் பார்த்தவர்.

போட்டிக்கு ஒரே ஒரு கெடுபிடி. பிடித்த மீனை வைத்துக்கொள்ளக்கூடாது. அளவுப் பலகையில் கிடத்தி, பக்கத்தில் கிளப் கொடுத்த டோக்கனை வைத்து போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பலகையை அவரவர் கொண்டுவர வேண்டும். துணி டேப்பு கூடாது, வளையாத பலகை, மீனின் மூக்கு முட்டுவதற்கு ஒரு முனையில் சின்னச் சுவர் இருக்க வேண்டும்.

கியாசுதீன் ஆன்லைனில் போட்ட பிளாஸ்டிக் பலகை இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பி வேறு வாங்க நாள் இல்லை.

"ஊருல பாதிப் பேரு பீங்கான் பண்றான். ஒரு பலகைக்கா ஆன்லைன்ல போய் நிக்கிறது?" என்றார் தமிழ்ச்செல்வன்.

குருமூர்த்தி முதலாளியிடம் கேட்டுவிட்டு மண் எடுத்து வந்தார். வீட்டு வராந்தாவில் வைத்துத் தட்டினார். கயாக்கில் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருந்தது. அதில் பலகை செருகி நிற்க வேண்டும். ஆகவே பள்ளத்தை அளந்து, சுருக்கத்துக்கு வேண்டியதைக் கூட்டி, நீளம் அகலம் எல்லாம் கணக்காக வெட்டினார். பிறகு கோடும் எண்ணும் போட வேண்டும். கை தானாகச் சுருக்க ஸ்கேல் பக்கம் போனது. அப்போது குருமூர்த்தி யோசித்தார். அவர் யோசிக்காமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இது கம்பெனிச் சரக்கு இல்லை. இதில் அளக்கப்போவது மீன். மீன் சூளைக்குள் போவதில்லை, சுருங்குவதுமில்லை. சுருக்க ஸ்கேலின் பெரிய சென்டிமீட்டரில் கோடு போட்டால் மீன் குறைத்துக் காட்டும். கியாசுதீனுக்கு அநியாயம். மீனுக்கு ஊர் சென்டிமீட்டர்தான் வேண்டும்.

பூங்கோதையின் பையில் இருந்து எவர்சில்வர் ஸ்கேலை எடுத்து, பச்சை மண்ணில், ஒன்றிலிருந்து எண்பது வரை ஒரு கோடு பிசகாமல் போட்டார். பிறகு அதைக் கொண்டுபோய், ஃபியூஸ் கட்டைகளோடு சூளை வண்டியின் மேல்தட்டில் வைத்தார்.

பலகை வெளியே வந்தபோது பார்க்க அப்படி இருந்தது. பால் வெள்ளை, நீல எண்கள், கோணல் என்று ஒரு நூல்கூட இல்லை. கயாக்கின் பள்ளத்தில் கதவு சாத்தினதுபோல் உட்கார்ந்தது. அவர் வீட்டுக் கதவு மாதிரி அல்ல, மற்றவர்கள் வீட்டுக் கதவு மாதிரி.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பும்போது வேல்விழி ஒரு எவர்சில்வர் தூக்கை வேனில் வைத்தாள். இன்னொரு டப்பாவில் மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டுப் பிசைந்த மசாலா.

"மீனை விட்டுடணும்மா. ரூலு" என்றார் குருமூர்த்தி.

"எதை?"

"புடிச்ச மீனை."

"புடிச்சா?"

"போட்டோ எடுத்துட்டு விட்டுடணும்."

வேல்விழி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப போட்டோவை எடுத்துக்கிட்டு வாங்க. கொழம்பு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மசாலா டப்பாவை எடுத்துக்கொண்டு, தூக்கை வேனிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

கழிமுகத்தில் முப்பது முப்பத்தைந்து கயாக் இருந்தது. சென்னை, புதுச்சேரி, கொச்சியில் இருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். எல்லாரும் கருப்புக் கண்ணாடி, முகத்தை மூடுகிற துணி, மீன் படம் போட்ட சட்டை. இவர்கள் மூன்று பேரும் கம்பெனி ஆயுத பூஜைக்குக் கொடுத்த டி-ஷர்ட். முன்னால் ஃபியூஸ் கட்டை படம் போட்டிருந்தது. நடுவராக இருந்த அர்ச்சுனன் என்ற இளைஞர் பலகைகளைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தவர், இவர்கள் பலகையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்ன சார் இது, பீங்கானா?"

"நாங்க விருத்தாசலம்" என்றார் தமிழ்ச்செல்வன், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

அர்ச்சுனன் தட்டிப் பார்த்தார். மணி மாதிரிச் சத்தம் வந்தது. அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டினார். இந்த மாதிரிப் பலகையை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. குருமூர்த்தி பலகையைத் துண்டால் ஒரு தரம் துடைத்தார்.

கியாசுதீன் முன்னால், குருமூர்த்தி பின்னால். சுரபுன்னைக் காட்டின் ஓரமாகத் துடுப்புப் போட்டுப் போனார்கள். குருமூர்த்திக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டில் அவர் கேட்டு வாங்கியது எக்ஸ்ட்ரா லார்ஜ். கழுத்துக்கு மேலே ஏறி நின்று, தண்ணீரில் விழாமலே அவரைப் பாதி மூழ்கடித்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறுகிற நேரத்தில் கியாசுதீனின் தூண்டில் வளைந்தது. உயிர் இறாலைக் கோத்து வேரடியில் விட்டிருந்தார். கயாக் ஒரு பக்கமாகத் திரும்பி இழுபட்டுப் போனது.

"மூர்த்தி, புடிச்சிக்கோ!"

"எதை?"

"எதையாச்சும் புடிச்சிக்கோடா!"

குருமூர்த்தி பலகையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மீனும் ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். கடைசியில் வலைக்குள் வந்து விழுந்தது கொடுவா. வெள்ளி மாதிரி மின்னியது. பலகையில் கிடத்தினார்கள். மூக்கு சுவரில் முட்ட, வால் எழுபத்தொன்றில் போய் நின்றது. டோக்கன் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கியாசுதீன் அதன் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டி, "பிஸ்மில்லா" என்று விட்டார். அது ஒரு தரம் வாலை அடித்துவிட்டுப் போய்விட்டது. அவர்கள் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

சாயங்காலம் கரையில் கரும்பலகை வைத்து எழுதினார்கள். கியாசுதீன், எழுபத்தொன்று. அடுத்தது சென்னைப் பல் டாக்டர் ஒருவர், அறுபத்தாறு. அதற்கடுத்தது கொச்சிக்காரர், அறுபத்துநான்கு. தமிழ்ச்செல்வன் ஒரு நண்டு பிடித்திருந்தார். அது கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

கியாசுதீன் வீட்டுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எழுவத்தொண்ணு சம்சாது! எழுவத்தொண்ணு!"

"கிலோவாங்க?"

"சென்டிமீட்டரு!"

"அதுக்கா இந்தக் கத்து கத்தறீங்க?" என்றாள் சம்சாத் பேகம். ஆனால் அரைமணி நேரத்தில் மஹிரா ஒரு படம் அனுப்பினாள். அலமாரியின் மேல் தட்டில் வலது பக்கம் துடைத்துக் காலியாக இருந்தது. மஸ்கட் கோட்டை கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தது. கியாசுதீன் அந்தப் படத்தைத் தமிழ்ச்செல்வனிடம் காட்டினார், அர்ச்சுனனிடம் காட்டினார், கொச்சிக்காரரிடமும் காட்டினார். ஒரு காலித் தட்டைப் பார்த்து என்ன சொல்வதென்று கொச்சிக்காரருக்குத் தெரியவில்லை. "நல்ல அலமாரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குருமூர்த்தியின் தூண்டிலில் முதன்முதலாக ஒன்று மாட்டியது. சின்னக் கிழங்கா மீன். போட்டிக்கு ஆகாது. இருந்தாலும் அவர் பிடித்த முதல் மீன். அதனால் பலகையில் வைத்தார். இருபத்துநான்கு.

குருமூர்த்திக்கு ஒரு பழக்கம். அச்சுப் பிரிவில் எதைக் கையில் எடுத்தாலும் சாண் போட்டுப் பார்ப்பார். கையை விரித்தால் கட்டைவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை அவருக்குச் சரியாக இருபத்திரண்டு. மீனின் மேலும் கை தானாகப் போய் விரிந்தது. மீன் சாணுக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் விரல் நுனி வெளியே தெரிந்தது.

மீனைத் தண்ணீரில் விட்டார். கையைக் கழுவினார். பலகையின் சுவரில் கட்டைவிரலை முட்டவைத்து, கையை விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் இருபத்தைந்தில் இருந்தது.

கை வளர்ந்திருக்க வாய்ப்பில்லை.

 பலகைக்குச் சுருக்கம் பார்த்தோம். எண்ணுக்குப் பார்க்கவில்லை. பச்சை மண்ணில் போட்ட ஊர் சென்டிமீட்டர் எல்லாம் சூளைக்குள் போய்ப் பன்னிரண்டு சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. மீன் சுருங்காது சரி, கோடு சுருங்குமே. எழுபத்தொன்றை மனசுக்குள் போட்டுப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகப் போடும் கணக்கு, வேண்டாம் என்றாலும் விடை வந்து நின்றது. அறுபத்திரண்டரை.

முன்னால் கியாசுதீன் ஏதோ அரபிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துடுப்புப் போட்டார். அவர் முதுகில் ஃபியூஸ் கட்டை கம்பெனியின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குருமூர்த்தி கொஞ்ச தூரம் வந்தார்.

"கியாசு."

"சொல்லு."

"இன்னொண்ணு பெருசாப் புடிச்சிடலாம்டா."

"எதுக்கு? நாமதான் மொதல்ல இருக்கோம்."

"இருந்தாலும். எண்பது மாதிரி ஒண்ணு."

கியாசுதீன் திரும்பிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் எப்படா கரைக்குப் போவோம்னு ஒக்காந்திருந்த. இப்ப எண்பது கேக்குற. பேராசை வந்துடுச்சிடா உனக்கு."

நல்லபடியாக ஒரு மீன் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பது குருமூர்த்தியின் திட்டம். அன்றைக்கு அவர் தூண்டில் போட்டதுபோல் வீராணத்தில் ஒருநாளும் போட்டதில்லை. சுரபுன்னை வேர் ஒன்று விடாமல் போட்டார். தானே துடுப்பை வாங்கிப் போட்டார். தன் வாயால் "இன்னும் உள்ள போலாம்" என்றார். ஒரு கெளுத்தி வந்தது. இரண்டாவதாகவும் ஒரு கெளுத்தி வந்தது. அது முதலில் வந்த கெளுத்தியே என்று கியாசுதீன் சொன்னார். போட்டி முடிந்ததற்கு ஊதல் ஊதினார்கள்.

கரையில் சாமியானா போட்டு, நாற்காலி போட்டு, மேஜையில் கோப்பையை வைத்திருந்தார்கள். முழங்கை உயரம். மேலே ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. குருமூர்த்தி கியாசுதீனையும் தமிழ்ச்செல்வனையும் வேன் மறைவுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார்.

"பலகை தப்பு" என்றார்.

"ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல. கோடு சுருங்கிடுச்சி. நான் சுருக்கம் பார்க்கல."

தமிழ்ச்செல்வனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கியாசுதீன் செராமிக் பேட்டைக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவர். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"எத்தினி?"

"பன்னெண்டு."

"அப்ப என் மீனு?"

"அறுவத்திரெண்டரை."

 தமிழ்ச்செல்வன் குரலை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"டேய், வாயைத் தொறக்காத. பன்னெண்டு பர்சென்ட்டுதான? நான் பாலிசி விக்கிறப்ப அதைவிட ஜாஸ்தி விடுவேன். மீனு தண்ணிக்குள்ள போயிடுச்சி. அதைத் தேடிப் புடிச்சி, இந்தாம்மா திரும்ப வந்து படுன்னு யாரு சொல்லப்போறா? பலகையைக் கீழ போட்டு ஒடைச்சிடு. கை தவறிடுச்சின்னு சொல்லு."

"நீ எப்பக் கண்டுபுடிச்ச?" என்று கியாசுதீன் கேட்டார்.

"காலைல."

"அதான் எண்பது கேட்டியா?"

"ஆமா."

"த்தூ" என்றார் கியாசுதீன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "சுடுகாட்டுக்கு எடம் வாங்கினாக்கூடச் சுருக்கம் பார்த்து ரெண்டடி கூட்டி வாங்குவ. வாழ்க்கைல ஒரே ஒரு தரம் பார்க்காம விட்ட. அது என் மீனா இருக்கணும்."

"மீனுக்கு நல்லது நெனச்சித்தான்டா..."

"பேசாத."

"கோப்பை உன்னுது, பலகை என்னுது" என்றார் குருமூர்த்தி. "நீ எப்படிச் சொல்றியோ அப்படி. சொல்ல வேணாம்னா நான் சொல்லல."

கியாசுதீன் எழுந்து சாமியானா பக்கம் போனார். கோப்பைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அங்கே டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். குருமூர்த்தி ஒரு வாய் குடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூஞ்சிதான்" என்றார். "நான் வியாழக்கெழமை போயிடுவேன். நீதான் அந்த நாற்காலில ஒக்காந்து, கோப்பையைப் பாத்துக்கிட்டு டீ குடிக்கணும். ஒரு மாசம் தாங்குவியா? சம்சாது மூணாவது டீயில கண்டுபுடிச்சிடுவா. அப்பறம் அங்க ஃபோனைப் போட்டு, ரெண்டு வருஷம் என்னை உரிப்பா. எழுந்திரு."

"டீ?"

"குடிச்சிட்டுத்தான் எழுந்திரேன்."

அர்ச்சுனன் முழுவதையும் கேட்டுவிட்டு, புரியவில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். குருமூர்த்தி சொன்னார். எஃகு டேப்பை எடுத்துப் பலகையில் வைத்துப் பார்த்தார்கள். எழுபத்தொன்று என்று நீலத்தில் எழுதியிருந்த இடத்துக்கு நேராக டேப்பில் அறுபத்திரண்டரை இருந்தது. ஒரு நூல் முன்னே பின்னே இல்லை. சரியாகப் பன்னிரண்டு. அந்த நேரத்திலும் குருமூர்த்திக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி ஏற்பட்டது. மண் கலவை மாறவில்லை.

கிளப்காரர்கள் கூடிப் பேசினார்கள். பீங்கான் பலகை சுருங்கினால் என்ன செய்வது என்று அவர்கள் விதியில் இல்லை. கொச்சிக்காரர் போட்டோவைப் பார்த்து, மீன் அழகாகத்தான் இருக்கிறது என்றார். பல் டாக்டர் பலகையைத் தட்டிப் பார்த்து, "எங்க ஃபீல்டுலயும் இதே ப்ராப்ளம் உண்டு சார். பல் செட்டு சுருங்கிடும்" என்றார். கடைசியில் டேப்பில் வந்த அளவை எடுத்துக்கொள்வது என்று முடிவானது. கோப்பை பல் டாக்டருக்கு. கியாசுதீனுக்கு மூன்றாம் இடம். மூன்றாம் இடத்துக்கு ஒரு தொப்பியும், வெயிலுக்குத் தடவும் கிரீம் ஒரு டியூபும். கை தட்டினார்கள். கியாசுதீன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அது சின்னது.

"பாத்தியா, தொப்பிக்கும் சுருக்கம் பார்க்கல" என்றார் தமிழ்ச்செல்வன்.  திரும்பும் வழியில், புவனகிரியில் கியாசுதீன் வண்டியை நிறுத்தச் சொல்லி, மார்க்கெட்டில் இறங்கி, ஒரு கொடுவா வாங்கினார். தூக்கு காலியாக இருந்ததால் வசதியாகப் போயிற்று. வால்தான் உள்ளே போகவில்லை, வெட்டித் தரச் சொன்னார்.

வீட்டில் சம்சாத் பேகம் கோப்பையைத் தேடினாள். தொப்பிதான் இருந்தது. குருமூர்த்தி விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது நாற்காலியில் உட்காரவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கண்ணே அந்தப் பலகை?" என்றாள்.

வேனில் இருந்து எடுத்து வந்தார். உடைத்துப் போட்டுவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். கியாசுதீன் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார்.

"இது என் சாமானு."

"உங்களுக்கு எதுக்குங்க?"

"இதுல என் மீனு எழுவத்தொண்ணுதான். எவன் வேணா பாக்கட்டும்."

புதன்கிழமை பெட்டி கட்டும்போது பலகை போர்வைக்குள் சுற்றப்பட்டுப் பெட்டியில் ஏறியது. எடை கூடிப்போய்விட்டது. அதற்காக ஊறுகாய் ஜாடி ஒன்று, முறுக்கு டப்பா ஒன்று, புது கைலி இரண்டு வெளியே வந்தன. சம்சாத் பேகம் கத்திப் பார்த்தாள். முறுக்கு சுட்டுத் தந்தது வேல்விழி. அவளும் தன் பங்குக்குக் கத்தினாள். கியாசுதீன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மஸ்கட்டில் இருந்து படம் வருகிறது. வெள்ளைப் பலகை, நீல எண், மேலே ஒரு மீன். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அந்தப் பலகை ரொம்பப் பிடித்துவிட்டதாம். அவர்களும் அதில்தான் அளக்கிறார்களாம். அந்தக் கடற்கரையில் மீன் எல்லாம் நீண்டுபோய்விட்டதாக ஒரு பேச்சு உண்டாகியிருக்கிறது. படத்துக்குக் கீழே கியாசுதீன் எழுதுவது ஒரே வரி. "58. உன் கணக்குல எவ்ளோ?" குருமூர்த்தி கணக்குப் போட்டு "51" என்று அனுப்புவார். பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை வரும்.

போன வாரம் சம்சாத் பேகம் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டாள். குருமூர்த்தி போய்ப் பார்த்தார். ஒயரை எலி கடித்திருந்தது. மாற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே அலமாரி. மேல் தட்டில் வலது பக்கம் மஸ்கட் கோட்டை பழைய இடத்துக்கு ஏறியிருந்தது. அதன் கோபுரத்தின் மேல் தொப்பி மாட்டியிருந்தது. கோட்டைக்குச் சரியான அளவு.

டீ வந்தது.

"அண்ணே, அந்தப் பலகைக்கு எவ்வளவு கழிக்கணும்னு சொன்னீங்க?"

"நூத்துக்குப் பன்னெண்டும்மா."

"மீனுக்கு மட்டுந்தானா?" என்றாள் சம்சாத் பேகம், கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி. "நேத்து ஃபோன்ல பேசினாரு. நல்லா சாப்புடறேன், நல்லா தூங்கறேன், வேலை ஒண்ணும் கஷ்டமில்லன்னாரு. நான் அவரு சொல்றதுல எல்லாம் இப்பப் பன்னெண்டு கழிச்சித்தான் எடுத்துக்கறேன். சரியாத்தான வரும்?"

குருமூர்த்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மண் என்றால் உடனே சொல்லிவிடலாம்.

"சாப்பாட்டுல கழிக்காதம்மா. அவன் சாப்புடுவான்" என்றார். "தூக்கத்துல வேணா ஒரு இருவது கழிச்சிக்கோ."

அவள் தலையை ஆட்டிவிட்டு, மனசுக்குள் அதைக் குறித்துக்கொண்டவள்போல உள்ளே போனாள். குருமூர்த்தி மீதி டீயைக் குடித்தார். கிளம்பும்போது அவள் புதுக் கைலி இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியில் இருந்து வெளியே வந்தவை.

"அவருக்கு எடுத்தது. உங்களுக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும்."

"இருக்கட்டும்மா" என்றார் குருமூர்த்தி. "தொவைச்சா சரியாப் போயிடும்."